சின்னக் கோழிக்கும் ஒரு தட்டு



வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. "புதுசா வாங்கி விட்ட கோழியைப் பழைய கோழிங்க கொத்தியே கொல்லுது. கூட்டுக்குள்ளேயே விட மாட்டேங்குது. என்ன பண்றது?" ஊர் வேறு, எழுத்து வேறு, கவலை ஒன்றுதான். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் வீடுகளில் கோழிகள் எப்படிச் சேர்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். திட்டம் போட்டா சேர்க்கிறோம்? பாட்டி காலத்திலிருந்து கொல்லையில் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி நாலு மேய்ந்துகொண்டிருக்கும். விலை நல்லா போகுதே என்று மகன் சந்தையிலிருந்து ஒரு ஜோடி பெருவிடைச் சண்டைக்கோழி வாங்கி வருவார். அரசு மானியத்தில் கொஞ்சம் குஞ்சு கிடைக்கும். யூடியூபில் பார்த்துவிட்டுப் பேத்தி ஆசைப்பட்டாள் என்று பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு சில்க்கி வந்து சேரும். ஒரு வருஷத்துக்குள் ஒன்றே கால் கிலோ பெட்டையும் நாலு கிலோ சேவலும் ஒரே தட்டில் தின்று, ஒரே கூட்டில் அடைய வேண்டிய நிலை. கூடு மட்டும் பாட்டி காலத்துக் கூடுதான்.

பிறகு கொத்து ஆரம்பிக்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில், "ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், தானா சரியாயிரும்."

அந்தப் பதிலில் பாதி உண்மை. மறுபாதிதான் கோழியைக் கொல்கிறது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். கோழிக்கூட்டத்தில் யாருக்கு யார் அடங்க வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. முதல் கோழி எல்லோரையும் கொத்தலாம், அதை யாரும் கொத்தக் கூடாது. அடுத்தது முதலாவதற்கு மட்டும் அடங்கும். இப்படியே போய், கடைசிக் கோழி எல்லோரிடமும் வாங்கும். நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளை உட்கார்ந்து கவனித்து, யார் யாரைக் கொத்துகிறது என்று குறித்து வைத்து, 1921-ல் தன் ஆய்வேட்டிலேயே இதை எழுதினார். தீனி வைக்கும் இடத்தில்தான் இந்த வரிசை பளிச்சென்று தெரியும் என்பதையும் அவர் கவனித்தார். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. தவிட்டுச் சட்டியை வைத்ததும் எந்தக் கோழி முதலில் வாய் வைக்கும், எது ஒதுங்கி நிற்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்.

வரிசை ஒருமுறை அமைந்துவிட்டால் கூட்டத்தில் சண்டை குறையும். அடங்க வேண்டியது தலையைத் தாழ்த்தி விலகிப் போகும். பெரியது ஒரு முறை முறைத்தாலே போதும், கொத்த வேண்டியதில்லை. புதுக்கோழி வந்தால் அந்த வரிசை கலைந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் மறுபடி தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் சலசலப்பு இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மறுபாதிக்கு வருவோம். காட்டுக்கோழிக்கும் இதே வரிசை உண்டு. நம் வீட்டுக்கோழியின் மூதாதை அதுதான். காட்டில் தோற்ற கோழி என்ன செய்யும்? ஓடும். புதருக்குள் நுழையும், கிளையில் ஏறும். ஜெயித்ததன் கண்ணிலிருந்து மறைந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. நாலுக்கு மூன்று அடிக் கூட்டுக்குள் தோற்ற கோழி எங்கே ஓடும்? அது தலை தாழ்த்தி அடங்கிப் போகத்தான் பார்க்கிறது. ஆனால் விலகிப் போக இடமில்லாததால் ஜெயித்த கோழியின் கண்ணுக்கு அது இன்னும் எதிரே நிற்கிற கோழிதான். கொத்து நிற்காது. தானாகச் சரியாக வேண்டிய சண்டை சரியாகாமல் போவது இதனால்தான்.

அதனால் "எந்தக் கோழி கெட்ட கோழி?" என்று தேடுவதற்கு முன்னால், "அடி வாங்குகிற கோழி ஓடி ஒளிய என் வீட்டில் எங்கே இடம் இருக்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

முதலில் ஒரு பழக்கத்தை விடச் சொல்லிக் கேட்கிறேன். புதுக்கோழி வாங்கி வந்தால், வீடு பழகட்டும் என்று காலில் கயிற்றைக் கட்டி, கூட்டுக்குப் பக்கத்தில் முளையடித்துப் போடுகிறோம். ஊர் ஊராக இருக்கிற வழக்கம் இது. பழைய கோழி இல்லாத வீட்டில் பரவாயில்லை. ஏற்கெனவே ஐந்தாறு கோழி இருக்கிற வீட்டில் இதைச் செய்தால் என்ன ஆகும்? எல்லாம் சுற்றி நின்று கொத்தும். இது இரண்டு முழம் ஓடும், கயிறு இழுத்துக் கீழே விழும். விழுந்த கோழியின் மேல் மற்றவை ஏறி மிதிக்கும். கால் பிசகி, தலையின் பின்பக்கம் தோல் உரிந்து, சாயங்காலத்துக்குள் கோழி குற்றுயிராகிவிடும். ஓடவே முடியாதபடி கட்டிப் போட்டுவிட்டு, பழகட்டும் என்று காத்திருக்கிறோம். தயவுசெய்து இனி கட்ட வேண்டாம்.

கட்டுவதற்குப் பதில் என்ன செய்யலாம்? நம்மிடம் ஏற்கெனவே அருமையான சாமான் ஒன்று இருக்கிறது. பஞ்சாரம். கொங்குப் பக்கம் கொடாப்பு என்பார்கள். மூங்கில் பட்டையில் பின்னிய அந்தக் கவிழ்ப்புக் கூடைக்குள் புதுக்கோழியை விட்டு, பழைய கோழிகள் மேய்கிற இடத்தின் நடுவிலேயே வையுங்கள். உள்ளேயே தண்ணீரும் தீனியும் இருக்கட்டும். பழையவை வந்து சுற்றும். பின்னலின் இடைவெளியில் மூக்கை நுழைத்துப் பார்க்கும், சிலிர்க்கும், ஒன்றிரண்டு தடவை கூடையின் மேலேயே பாயும். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து நாளில் பழையவற்றுக்கு அலுத்துவிடும். கூடைக்குப் பக்கத்திலேயே மண்ணைக் கிளறி இரை பொறுக்க ஆரம்பிக்கும். அதுதான் நமக்குச் சமிக்ஞை. கோழிக்குக் கோழி முகம் தெரிந்துவிட்டது என்று பொருள். சின்னக் கூட்டத்தில் கோழிகள் ஒன்றையொன்று தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொள்ளக் கூடியவை. கொண்டையும் முகமும்தான் அவற்றுக்கு அடையாளம்.

ஆனால் பஞ்சாரத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கொண்டுவந்து மற்றவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் கிருமி உடம்புக்குள் புகுந்த பிறகு நோய் வெளியே தெரிய இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். அதனால் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம், வீட்டின் மறுபக்கத்தில் தனியாக வைத்துப் பாருங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகு கடைசியாகப் புதியதைக் கவனியுங்கள். தடுப்பூசி போட்டதா என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், கால்நடை மருந்தகத்தில் கேட்டு வழி செய்துகொள்ளுங்கள். கொத்தில் தப்பிய கோழி கழிச்சலில் போவதும், போகும்போது மொத்தக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு போவதும் நம் கிராமங்கள் பார்த்துச் சலித்த கதை.

சேர்க்கும்போது ஒற்றைக் கோழியாகச் சேர்க்காதீர்கள். பாதி வருஷத்தில் பள்ளி மாறி வந்த பிள்ளை மாதிரி, அத்தனை கண்ணும் அதன் மேல்தான் இருக்கும். இரண்டு மூன்றாகச் சேர்த்தால் அடி பிரிந்துபோகும், அவற்றுக்குள் ஒரு துணையும் இருக்கும். இருட்டிய பிறகு கூட்டுக்குள் விடும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. நல்ல வழக்கம்தான், ஏனென்றால் இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டைக்கு வராது. ஆனால் அது இரவோடு சரி. விடிந்ததும் யாரிவன் என்ற கேள்வி வரும். அதனால் இருட்டில் விட்டால், விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கதவைச் சீக்கிரம் திறந்து, தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் முற்றம் முழுக்க இறைத்துவிடுங்கள். பொறுக்குகிற மும்முரத்தில் பாதிச் சண்டை மறந்துபோகும்.

பெரியது என்றாலே அடிக்கும், சின்னது என்றாலே அடி வாங்கும் என்று நினைக்கிறோமே, அது சரியா? எப்போதும் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தில் உருவாக்கிய வனராஜா கோழி நல்ல எடை வரும், ஆனால் சாது. பிரம்மா என்று ஃபேன்சி கோழி விற்பவர்கள் தரும் இறகுக்கால் கோழி பார்க்க யானை போல இருக்கும், குணத்தில் பசு. இவற்றை ஒன்றே கால் கிலோ சிறுவிடைப் பெட்டை ஒன்று முற்றத்தில் விரட்டி விரட்டிக் கொத்துவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்த வீட்டில் அதுதான் மூத்தது, இடமும் அதனுடையது. வயதும், முதலில் வந்த உரிமையும், குணமும் சேர்ந்துதான் வரிசையைத் தீர்மானிக்கின்றன.

பெருவிடை கதை வேறு. அசீல் என்று இந்தியா முழுக்கப் பெயர் பெற்ற இந்த இனத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறார்கள். சேவல் மட்டுமில்லை, பெட்டையும் விட்டுக்கொடுக்காது. சேவல் மூன்றிலிருந்து நாலு கிலோ, பெட்டை ஏறக்குறைய இரண்டரை கிலோ வரும். மற்றக் கோழி அடங்கினாலும் இது சட்டென்று நிறுத்தாது. அதன் குணத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நாம் கேட்டதைத்தான் அது கொடுக்கிறது. ஆனால் அதனோடு சிறுவிடையையோ சில்க்கியையோ ஒரே கூட்டில் அடைக்கிறவர்கள், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சில்க்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் இறகு முடி மாதிரி இருப்பதால் பறக்க முடியாது. தலையில் குடுமி கண்ணை மறைக்கும். எந்தப் பக்கத்திலிருந்து அடி வருகிறது என்றே அதற்குத் தெரியாது. நம் ஊர்க் கொண்டைக்கோழிக்கும் ஓரளவு இதே கஷ்டம். கண்ணை மறைக்கும் முடியை மட்டும் கத்தரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். குழந்தைகள் ஆசைக்கு வாங்குகிற கோழி இது. கொத்துப்பட்டுச் செத்துப்போனால் அந்தக் குழந்தை எத்தனை நாள் அழும் என்று நமக்குத் தெரியும். சண்டைக்கோழி இருக்கிற வீட்டில் சில்க்கிக்குத் தனிக் கூடு கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. இதில் சமரசம் வேண்டாம்.

சரி, தீனிக்கு வருவோம். கொத்து அதிகம் விழுவது அங்கேதான்.

ஈரோடு பக்கத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டம்மா கொடாப்பைத் தரையில் முழுதாகக் கவிழ்க்கவில்லை. சுற்றிலும் நாலு செங்கல் வைத்து, அதன் விளிம்பு செங்கல் மேல் நிற்கும்படி வைத்திருந்தார். உள்ளே ஒரு தட்டில் குருணையும் கம்பும். தாய்க்கோழியோடு வந்த குஞ்சுகள் சந்து வழியாகப் பொலபொலவென்று உள்ளே போய்விட்டன. பெரிய கோழிகள் குனிந்து பார்த்தன, தலையை நுழைத்தன, தோள் இடித்தது, நின்றுவிட்டன. "பெருசுக உள்ள வர முடியாதுங்க. குஞ்சுக வவுறு நெறய தின்னுட்டு அதுகளா வந்துருமுங்க" என்றார் அவர். குஞ்சு வளர வளரச் செங்கல்லைத் திருப்பி வைப்பாராம். படுக்க வைத்தால் மூன்று அங்குலம், நிமிர்த்தினால் நாலரை அங்குலம். ஒரு பைசா செலவில்லை. பயமில்லாமல் தின்ன ஓர் இடமும், துரத்தினால் ஓடி நுழைய ஒரு வாசலும் ஒரே சாமானில் கிடைத்துவிட்டன.

இதே யோசனையை வளர்ந்த கோழிக்கும் செய்யலாம். முற்றத்தின் ஒரு மூலையைப் பழைய பலகையால் தடுத்து, உங்கள் சிறுவிடை நுழைகிற அளவுக்கு மட்டும் அடியில் ஒரு வாசல் வெட்டுங்கள். அளவைப் புத்தகத்தில் தேட வேண்டாம், உங்கள் வீட்டுக் கோழியைப் பிடித்து வைத்துப் பார்த்து வெட்டுங்கள். ஆனால் ஒன்று, அந்த மூலைக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். ஒரே வழி இருந்து, அந்த வழியில் பெருவிடை வந்து நின்றுகொண்டால் உள்ளே இருப்பதற்குச் சிறைதான்.

பொதுத் தீனியையும் ஒரே சட்டியில் வைக்காதீர்கள். பத்துக் கோழிக்கு மூன்று தட்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத தூரத்தில். ஒன்று திண்ணைக்குப் பக்கம், ஒன்று மாட்டுத் தொழுவத்தின் பின்னால், ஒன்று முருங்கை மரத்தடியில். முதல் கோழியால் ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்குக் காவல் நிற்க முடியாது. தண்ணீருக்கும் இதே கணக்குத்தான். கோடையில் தீனியைவிடத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் அதிகச் சண்டை. குஞ்சுகள் குடிக்கிற தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், துரத்தும்போது தவறி விழுந்தாலும் மூழ்காது.

கடைத் தீவனம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீத அளவு போதும். பெரிய கோழிக்கு வைத்ததையே வளர்கிற குஞ்சும் மாதக்கணக்கில் தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுப்போகும். எல்லாம் ஒன்றாக மேய்கிற வீட்டில் எளிய வழி, எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது. முட்டையிடுகிற பெட்டை தனக்கு வேண்டியதை அதில் எடுத்துக்கொள்ளும்.

கொத்துக்கும் சத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தவிடும் நொய்யும் மட்டும் தின்கிற கோழிக்குப் புரதம் பற்றாது. இறகு முழுக்கப் புரதம். புரதமும் உப்பும் குறைந்த கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னப் பழகும். ஒன்று பழகினால் மற்றவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். மண்பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் ஓலையும் நிரப்பித் தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடிப்பது நம்மில் பலருக்குத் தெரியும். மறுநாள் காலை அந்தப் பானையைக் கொட்டினால் கோழிக்கு விருந்து. அதில் குஞ்சுக்கும் சின்னக் கோழிக்கும் முதல் பங்கு போகட்டும். அகத்திக்கீரையையோ முருங்கைக்கீரையையோ கட்டாகக் கட்டி, கோழி கழுத்தை நீட்டிக் கொத்துகிற உயரத்தில் தொங்கவிடுங்கள். மூக்குக்கு வேலை இருந்தால் அடுத்த கோழியின் முதுகு தப்பும்.

இந்த வேலை மழைக்காலத்தில் இன்னும் அவசியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோழிகளை நாள் முழுக்க உள்ளே அடைத்து வைக்கிறோம். வெளியே இரண்டு சென்ட் இடத்தில் மேய்ந்தபோது வராத சண்டை, கூட்டுக்குள் நாலாம் நாள் வந்துவிடும். "மழை விட்டதும் பார்த்தேன், ஒன்று செத்துக் கிடந்தது" என்று எழுதுகிறீர்கள். மழைக்கு முன்பே கூட்டைப் பாருங்கள். அடைந்து தூங்கவாவது ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும். பகலிலும் உள்ளேயே இருக்க வேண்டுமென்றால் அது போதாது. கூட்டோடு ஒட்டிப் பழைய தகரத்தைச் சாய்த்து ஒரு தாழ்வாரம் இழுத்துவிடுங்கள்.

கூட்டுக்குள் கட்டும் குறுக்குக் கழியைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஒரே உயரத்தில் ஒரே கழி கட்டினால் நல்ல இடத்துக்கு ராத்திரி ராத்திரி சண்டைதான். ஒரு கோழிக்கு முக்கால் அடி நீளம் என்று கணக்கு வைத்து, இரண்டு மூன்று உயரங்களில் கட்டுங்கள். சிறுவிடை எடையில்லாத கோழி, விர்ரென்று மேல் கழிக்குப் போய்விடும். பெருவிடைக்கு உடம்பு கனம், அவ்வளவு உயரம் ஏறச் சோம்பும். அந்த உயர வித்தியாசமே சின்னதற்குப் பாதுகாப்பு. கழிகளை நேர் மேலே நேர் கீழே கட்டாமல் தள்ளித் தள்ளிக் கட்டினால் மேலே இருப்பதன் எச்சம் கீழே இருப்பதன் மேல் விழாது.

கொத்துப்படுகிற கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தம் பார்த்துத்தான் பலரும் கண்டுபிடிக்கிறோம். அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சாயங்காலம் கோழி அடைகிற நேரத்தில், கூட்டை மூடும் முன் ஒவ்வொன்றையும் பிடித்து, கழுத்தின் அடியில் வலப்பக்கம் இருக்கும் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். வயிறாரத் தின்ற கோழிக்கு அது எலுமிச்சம்பழம் அளவுக்காவது உருண்டு நிற்கும். தீனிக்கு அண்ட விடாமல் துரத்தப்பட்ட கோழிக்கு அங்கே தோல்தான் கையில் வரும். பகலெல்லாம் அது மற்றவற்றோடு சேர்ந்து கிளறுவது போலவே தெரிந்திருக்கும், ஆனால் ஒரு மணிகூட உள்ளே போயிருக்காது. இரண்டு சாயங்காலம் தொடர்ந்து காலியாக இருந்தால் உடனே கவனியுங்கள். கொண்டை வெளிறுவது, வால் தொங்குவது, காலையில் கழியிலிருந்து கடைசியாக இறங்குவது, முட்டையிடும் பெட்டிக்குள்ளேயே பகலெல்லாம் ஒளிந்துகொள்வது எல்லாம் அதன் அடுத்த கட்டம்.

நோயுற்ற கோழியையும் மற்றவை கொத்தும் என்பதை மறக்க வேண்டாம். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தாலும், கழுத்து திருகினாலும், அது கொத்து விவகாரம் இல்லை. தனியே வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

ரத்தம் வந்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. சிவப்பைப் பார்த்தால் சாதுவான கோழியும் கொத்தும். அடிபட்டதை உடனே எடுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவலாம். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் காக்கும், ரத்தத்தின் நிறத்தையும் மறைக்கும். ஆழமான காயம் என்றால் கைவைத்தியத்தோடு நிறுத்த வேண்டாம்.

இங்கேதான் நாம் எல்லோரும் ஒரு விஷயத்தை மாற்றிச் செய்கிறோம். அடி வாங்கியதைத் தனியே வைக்கிறோம், அடித்ததை அங்கேயே விட்டுவிடுகிறோம். பத்து நாள் கழித்துப் புண் ஆறித் திரும்பி வரும் கோழி, கூட்டத்துக்கு மறுபடி புதுக்கோழி. முதலிலிருந்து அடி. காயம் பட்டது குணமாகத் தனி இடம் வேண்டும்தான். ஆனால் காயம் ஆழமில்லை என்றால் அடிக்கிற கோழியை எடுத்துப் பஞ்சாரத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். அது இல்லாத நாட்களில் மற்றவை தங்களுக்குள் ஒரு வரிசை போட்டுக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுதான் புதுசு, அதன் திமிர் குறைந்திருக்கும். எல்லா நேரமும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பல நேரம் பலிக்கிறது.

தாய்க்கோழி இருக்கும் வீட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். தன் தாய் மிதித்தால் சாகாது. இன்னொரு கோழி கொத்தினால் சாகும். இரண்டு தாய்க்கோழிகள் ஒரே வாரத்தில் குஞ்சு இறக்கினால், ஒன்றின் குஞ்சு தவறி மற்றதன் பக்கம் போனால் மண்டையில் ஒரே கொத்துதான். தாயோடு குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் வைத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து, ஒன்று காலையில், மற்றது மதியத்துக்கு மேல் என்று நேரம் மாற்றி வெளியே விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் தாயே குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிடும். அதன் பிறகு அவற்றுக்குத் துணை கிடையாது, உடம்பும் இன்னும் தேறியிருக்காது. கூட்டத்திலேயே பலவீனமான கட்டம் இதுதான். நாலு மாதம் ஆகும் வரையாவது இரவில் தனியே அடைத்து வைப்பது நல்லது.

சேவலைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு கிலோ பெருவிடைச் சேவல் ஒன்றே கால் கிலோ சிறுவிடைப் பெட்டையின் மேல் ஏறினால் அந்தப் பெட்டையின் முதுகு என்னாகும்? இறகு போய், தோல் கிழிந்து, விலாவில் சேவலின் கால்முள் குத்திய புண் இருக்கும். பார்ப்பவர்கள் மற்றக் கோழி கொத்தியது என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். முதுகில் மட்டும் இரண்டு பக்கமும் இறகு போயிருந்தால் காரணம் சேவல்தான். கலப்புக் குஞ்சு நல்ல எடை வரும் என்ற ஆசையில் இப்படி விடுகிறோம். ஆசை நியாயம்தான். ஆனால் உடம்பு பெருத்த பெட்டையோடு சேர்க்கலாமே? சிறுவிடையை அடைகாக்க வைத்துக்கொள்ளுங்கள், பொறுப்பாக அடையில் உட்காரும் கோழி அது. சேவலும் எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். மூன்று பெட்டைக்கு இரண்டு சேவல் இருக்கிற வீட்டில் என்ன வைத்தியம் செய்தாலும் கொத்து தீராது.

இத்தனையும் செய்து மூன்று வாரமாகியும் ஒரு கோழி இன்னொன்றைத் துரத்திக்கொண்டே இருந்தால், சேர்த்து வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு வலைத் தடுப்பு, இரண்டு கதவு, அவ்வளவுதான். காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் மேய விடலாம். அதற்கும் இடமில்லாத வீட்டில், அடிக்கும் கோழியை விற்பதில் தவறில்லை. வாங்குபவரிடம் அதன் குணத்தைச் சொல்லியே கொடுங்கள். அவர் வீட்டிலும் நாலு சின்னக் கோழிகள் இருக்கலாம்.

இந்த மழைக்காலத்துக்குள் உங்கள் கூட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள். பலிக்காததையும் அவசியம் எழுதுங்கள். அடுத்த இதழ்களில் மற்ற வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்